விரல் மூடுகிறதா, முதலில் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். டின் விசில் என்ற சின்னக் குழலை அயர்லாந்து இசையில் கேட்டிருப்பீர்கள். துள்ளித் துள்ளிப் பாடும், கொஞ்சம் கீச்சுக்குரல். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, காற்றும் நாதமும் கலந்த கனத்த குரலில் பேசுவது லோ விசில்.

பழைய வாத்தியம் போலத் தோன்றும். ஆனால் இன்றைய வடிவத்துக்கு வயது ஐம்பது சொச்சம்தான். ஃபின்பார் ஃபியூரி என்ற ஐரிஷ் கலைஞரிடம் இருந்த இந்திய மூங்கில் குழல் உடைந்துபோக, 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பெர்னார்ட் ஓவர்டன் அலுமினியக் குழாயில் அவருக்கு மாற்று செய்து கொடுத்தார். நம் மூங்கில் உடைந்து பிறந்த வாத்தியம் என்று எனக்கு ஒரு சின்னப் பெருமை!

வாங்கப்போகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பெயர் நல்லது?" நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் கையைக் காட்டுங்கள்."

பெரும்பாலோர் வாசிப்பது மேற்கத்திய இசையின் டி (D) சுருதி லோ விசில். நீளம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். ஆறு துளைகளும் தள்ளித் தள்ளி இருக்கும், பெரிதாகவும் இருக்கும். விரல் நுனியால் மூடப் பார்த்தால் கை வலிக்கும், காற்றும் கசியும். விரல்களை நீட்டி, நடுக்கணுவின் சதையால் மூட வேண்டும். பைப்பர் பிடி என்பார்கள். கஷ்டம் கொடுப்பது கீழ்க்கையின் மோதிர விரல். கடைசித் துளையைச் சற்று ஓரமாகத் தள்ளித் துளைத்த குழல் கிடைத்தால் அந்த விரல் உங்களை வாழ்த்தும். என் முதல் விசில் கீச்சிட்டபோது ஒரு வாரம் அதைத் திட்டினேன். கசிந்தது என் விரல். கை சிறியதென்றால் இதைவிடக் குட்டையான எஃப் அல்லது ஜி சுருதிக் குழலில் தொடங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கூட்டாக வாசிக்கும் இடங்களில் டி இல்லாமல் நெடுநாள் தள்ள முடியாது.

அடுத்தது மூச்சு. சில குழல்கள் காற்றைக் குடித்துவிடும். பாதி வரியிலேயே மூச்சு முட்டும். சில குழல்கள் ஊதும்போது லேசாக எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்பைத் தொல்லை என்று நினைக்காதீர்கள், மூச்சைச் சேமிப்பதே அதுதான். ஆறு துளைகளையும் மூடி, அடி ஸ்வரத்தை மெல்ல ஊதி, படிப்படியாக அழுத்துங்கள். உடனே மேல் ஸ்தாயிக்குத் தாவினால் அந்தக் குழலை வைத்துவிடுங்கள். பிறகு மேலே போய், இரண்டு ஸ்தாயியும் சுருதி சேர்கிறதா என்று, சுருதி அளந்து காட்டும் ட்யூனரில் பாருங்கள்.

பிளாஸ்டிக்கா, அலுமினியமா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. குரலைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் குழாயின் உள்விட்டமும், காற்று போகும் வழியும், அது மோதும் கூர்விளிம்பும்தான். டோனி டிக்சனின் பிளாஸ்டிக் குழல்கள் எடை குறைந்தவை, தொடங்குபவர்களுக்கு நல்லவை. ஸ்காட்லாந்தின் எம்கே, ஓவர்டன் வழியில் வந்த காலின் கோல்டி ஆகியவை பலர் ஆசைப்படும் பெயர்கள். முடிந்தால் சுருதி நகர்த்தும் தலைப்பகுதி உள்ளதாக எடுங்கள். குளிரில் சுருதி இறங்கும்; மற்றவர்களோடு சேர அது கைகொடுக்கும்.

பழையது வாங்கினால் கூர்விளிம்பில் நசுங்கலோ கீறலோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வாசிக்கும்போது குரல் திடீரென அடைத்தால் மட்டும் பயப்பட வேண்டாம். மூச்சின் ஈரம் தேங்கியிருக்கும். வாய்க்குக் கீழுள்ள திறப்பை விரலால் மூடி பலமாக ஒரு ஊது ஊதினால் வெளியேறிவிடும்.

தபாலில் வரவழைப்பவர்கள், பணம் கட்டும் முன்பே, கைக்கு ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்பலாமா, வேறு சுருதிக்கு மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.