பின்பனியில் ஒரு பாதயாத்திரை

(மயிலாப்பூரில் காலை நடைக்காரர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடும் கூட்டத்தில் பேசியது. பேச்சின் போக்கை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். மேலே ஃபேன் ஐந்தில் சுற்றுகிறது. அப்படியும் அழைப்பிதழை மடித்து விசிறிக்கொண்டிருக்கிறீர்கள். இந்தச் சபையில் குளிரைப் பற்றிப் பேசச் சொன்னது யாருடைய யோசனை என்று தெரியவில்லை. ஆனாலும் இங்கே நாலைந்து பேர் அடுத்த மார்ச்சில் ஸ்பெயினுக்குப் போய் நடப்பதாக இருக்கிறீர்கள். அவர்களுக்காகப் பேசுகிறேன். மற்றவர்கள் கதையாகக் கேளுங்கள்.

இங்கிருந்து பதினைந்து நிமிடம் நடந்தால் சாந்தோம். இயேசுவின் திருத்தூதர் தோமாவின் கல்லறை என்று நம்பப்படும் இடத்தின் மேல் எழுந்த பேராலயம். அதேபோல் இன்னொரு திருத்தூதர், யாக்கோபு, அவருடைய கல்லறை என்று நம்பப்படும் இடம் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. ஊரின் பெயர் சாந்தியாகோ தெ கொம்போஸ்தேலா. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பா முழுவதிலிருந்தும் அங்கே நடந்து போகிறார்கள். பல பாதைகள் உண்டு. நான் போனது பிரெஞ்சுப் பாதை: பிரான்ஸ் எல்லையில் பைரனீஸ் மலையடிவாரத்தில் சான்-ழான் என்ற சிறிய ஊரிலிருந்து சுமார் 780 கிலோமீட்டர். நான் கிறிஸ்தவன் இல்லை. பழனிக்கு நாலு தடவை நடந்த கால்கள், ஐந்தாவதாக அங்கே போய்விட்டன, அவ்வளவுதான்.

கிளம்பும் முன் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: மார்ச்சில் வெயிலா, குளிரா? போய் வந்தவர்கள் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: "வசந்த காலம், நல்லா இருக்கும்." அந்த வசந்தம் என்ற சொல்தான் என்னைக் கவிழ்த்தது.

நம் ஆட்கள் ஆண்டை ஆறாகப் பிரித்தார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இதில் மாசியும் பங்குனியும் எது? பின்பனி. சித்திரை பிறந்தால்தான் இளவேனில். நான் நடக்கத் தொடங்கியது மார்ச் 10, அதாவது மாசி 26. போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 13, பங்குனியின் கடைசி நாள். முப்பத்தைந்து நாளும் முழுக்க முழுக்கப் பின்பனி. ஐரோப்பாவின் காலண்டர் மார்ச் 20 வாக்கில், பகலும் இரவும் சமமாகும் நாளில், வசந்தம் வந்துவிட்டது என்று எழுதிவிடுகிறது. அந்த ஊர் மலையும் காற்றும் ஏனோ நம் கணக்கைத்தான் பின்பற்றுகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலைத் திணைக்கு, அதாவது பிரிந்து போகிறவர்கள் கடக்கும் வழியின் திணைக்கு, வேனில் காலம் என்று படித்திருப்பீர்கள். தொல்காப்பியம் அதோடு நிறுத்தவில்லை. அடுத்து ஒரே வரியில் ஒரு நூற்பா வைக்கிறது: "பின்பனி தானும் உரித்தென மொழிப." பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தபோது, சுடுகிற பாலைக்குப் பனி எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை. ஐம்பது வருடம் கழித்து ஸ்பெயினில் ஒரு மேட்டில் விரல் மரத்து நின்ற அன்றைக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் நாளே மலை. சான்-ழானிலிருந்து ரொன்செஸ்வாயெஸ் மடத்துக்குப் போக இரண்டு வழி. ஒன்று நெப்போலியன் பாதை, 1,400 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவது. படங்களில் நீங்கள் பார்க்கும் பச்சைப் புல்வெளியும் செம்மறி ஆடும் அதில்தான். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அது மூடப்பட்டிருக்கும். பனிப்புயலில் வழி தவறி ஆட்கள் இறந்திருக்கிறார்கள், அதனால்தான். கீழே வல்கார்லோஸ் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போக வேண்டும். அதிலும் கடைசியில் 1,057 மீட்டர் கணவாய் உண்டு. "கீழே வெயில் அடிக்கிறது, சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்" என்று ஒரு ஜெர்மன் இளைஞன் சொன்னான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். மேட்டுப்பாளையத்தில் ஏறி ஊட்டியில் இறங்கியவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. தயவுசெய்து அந்தத் தடையை மீறாதீர்கள். நம் ஊர் "நோ என்ட்ரி" மாதிரி அல்ல அது.

நாலாம் நாள் மன்னிப்பு மேடு என்று ஒரு மலைமுகடு. வரிசையாகக் காற்றாலைகள், யாத்ரீகர்களின் உருவங்களைத் தகட்டில் வெட்டி நிறுத்திய சிற்பம். அதில் ஸ்பானிய மொழியில் எழுதியிருக்கிறது: காற்றின் வழி விண்மீன்களின் வழியைச் சந்திக்கும் இடம். அழகான வரிதான். அன்றைக்கு அந்தக் காற்றில் நின்று அதை முழுதாகப் படிக்க முடியவில்லை. ஒரு கணக்கு சொல்கிறேன். தெர்மாமீட்டர் 5 டிகிரி காட்டும்போது 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், உடம்புக்கு அது பூஜ்ஜியம். நாம் நடப்பதோ மேற்கு நோக்கி. அட்லாண்டிக் காற்று வருவதும் பெரும்பாலும் மேற்கிலிருந்து. ஆக, 780 கிலோமீட்டரும் முகத்தில். வெயிலோ தெற்கிலிருந்து, இடப்பக்கமாக. திரும்பி வந்தபோது என் இடக் கன்னம் மட்டும் கறுத்திருந்தது. என் தங்கை, "அண்ணா, பாதி முகத்தை அங்கேயே விட்டுட்டு வந்துட்டியா?" என்றாள்.

மேடு இறங்கினால் வாதுமை மரங்கள் பூத்து நிற்கின்றன, வெள்ளையும் இளஞ்சிவப்புமாக. தேவாலயக் கோபுரங்களில் நாரைகள் கூடு கட்டிச் சுள்ளி அடுக்குகின்றன. இதைப் பார்த்துவிட்டுத்தான் வசந்தம் என்று சொல்லிவிடுகிறார்கள். பொய் இல்லை, பாதி உண்மை.

அடுத்து ரியோகா, திராட்சைத் தோட்டங்கள். அதைப் பற்றி ஒரே சொல்தான் எனக்கு: சேறு. செம்மண் களி. ஒவ்வொரு அடிக்கும் செருப்பு ஒரு கிலோ ஏறும். சத்திரங்களில், ஆல்பெர்கே என்பார்கள், வாசலிலேயே ஒரு கூடையில் பழைய செய்தித்தாள்கள் வைத்திருப்பார்கள். ஷூவுக்குள் கசக்கித் திணித்தால் இரவில் ஈரத்தை உறிஞ்சிவிடும். நடு இரவில் ஒருமுறை எழுந்து தாளை மாற்றினால் காலையில் போட்டுக்கொள்ளலாம். நம் பாதயாத்திரையில் தார் ரோட்டில் வெறுங்காலோடு போகிறவர்களுக்காக ஊர்க்காரர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கிறார்களே, அது ஞாபகம் வந்தது. அங்கே ஈரத்தை எடுக்கிறார்கள், இங்கே ஈரத்தைக் கொடுக்கிறார்கள்.

புர்கோஸிலிருந்து லெயோன் வரை மெசெத்தா, 800 மீட்டர் உயரத்தில் ஒரு சமவெளி. மரம் கிடையாது. புர்கோஸ்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றிச் சொல்வார்கள்: ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம். நம் ஊரின் "ஹாட், ஹாட்டர், ஹாட்டஸ்ட்" ஜோக்குக்கு அண்ணன். மார்ச்சில் அங்கே சராசரிக் குறைந்த வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி, கூடியது பன்னிரண்டு பதின்மூன்று. கோடையில் போனவர்கள் மெசெத்தாவைக் காய்ந்த தட்டையாகக் காட்டுவார்கள். நான் பார்த்தது கோதுமைப் பயிர், கண்ணுக்கு எட்டிய வரை, தஞ்சாவூர் நாற்றங்கால் பச்சையில். காரியோன் என்ற ஊரைத் தாண்டினால் அடுத்த ஊருக்கு 17 கிலோமீட்டர், நடுவே கூரையே கிடையாது. கோடையில் அது வெயிலுக்குச் சோதனை, நமக்கு ஆலங்கட்டிக்கு. இருபது நிமிடத்தில் வந்து அடித்து ஓய்ந்துவிட்டது. பயிருக்கு என்ன ஆயிற்றோ தெரியாது.

அந்தச் சமவெளியில்தான் நம் ஊர்ப் பழக்கம் என்னைக் காலை வாரியது. பழனிக்கோ, ஆவணி பிறந்ததும் ஈ.சி.ஆரில் காவி கட்டி வேளாங்கண்ணிக்கோ நடக்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் பாதித் தூரம் முடிந்துவிட வேண்டும். நானும் ஐந்து மணிக்கே எழுந்து கிளம்பினேன். சத்திரத்தில் எல்லோரும் தூக்கம். வெளியே கும்மிருட்டு, தேங்கிய நீரெல்லாம் கண்ணாடி. கல் பாவிய தெருவிலேயே வழுக்கி உட்கார்ந்தேன். இரவின் குளிர் உச்சத்தில் இருப்பது விடியலுக்குச் சற்று முன்தான். நமக்கு எதிரி பகல், அவர்களுக்கு எதிரி அதிகாலை. அதுவும் மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த மேற்குக் கோடியில் சூரியன் உதிப்பது எட்டு மணிக்கு மேல். சாயங்காலம் எட்டரைக்கும் நல்ல வெளிச்சம். எட்டரைக்குக் கிளம்புங்கள். குற்ற உணர்ச்சியே வேண்டாம்.

ஏப்ரல் 4. சென்னையில் கத்திரி வெயிலுக்கு ஒரு மாதம்தான் பாக்கி. நான் ரபனால் என்ற மலைக்கிராமத்தில் வெயிலில் உட்கார்ந்து காபி குடித்தேன். சட்டையைத் தளர்த்திக்கொண்டேன். வழக்கமான பருத்திச் சட்டை, உள்ளே பருத்திப் பனியன். மேலே 1,500 மீட்டரில் இரும்புச் சிலுவை என்று ஓர் இடம். ஊரிலிருந்து கொண்டுவந்த கல்லை அதன் அடியில் போடுவது வழக்கம். பாதி ஏற்றத்தில் வியர்த்தது. அப்புறம் மேகம், தூறல், தூறலே பனித்துகளாக மாறியது. கையுறை பைக்குள் அடியில். நின்று எடுத்தால் குளிருமே என்று நடந்தேன். சிலுவையை அடைந்தபோது கல்லை எடுக்கப் பையின் கொக்கியை அழுத்தினேன். விரல் அழுந்தவில்லை. என் விரல்தான், என் பேச்சைக் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த கொரியப் பாட்டி ஒருவர், எழுபது வயதிருக்கும், ஒரு வார்த்தை பேசாமல் என் பையைத் திறந்து, உலர்ந்த கம்பளி உடுப்பை எடுத்து, ஈரச் சட்டையைக் கழற்றச் சொல்லி சைகை காட்டி, சின்னப் பிள்ளைக்கு மாட்டுவதுபோல் கையுறை மாட்டிவிட்டார். கல்லையும் அவரே எடுத்துக் கையில் வைத்தார். அடையாற்று முகத்துவாரத்தில் பொறுக்கிய கல்.

நடந்தது என்ன? தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். பருத்தி நனைந்தால் அந்தத் தண்ணீரைத் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கு அது வரம். அங்கே அதுவே ஆபத்து. உலர்ந்த பூஜ்ஜியத்தைவிட நனைந்த எட்டு டிகிரி மோசமானது. உறைபனி என்றால் எல்லோரும் உஷாராக இருப்பார்கள், எட்டு டிகிரியை யாரும் மதிப்பதில்லை. பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், பொத்தான் போட முடியாவிட்டால் உடம்பு உள்ளே சூட்டை இழக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே ஒதுங்கி, ஈரத்தைக் களைந்து, சூடாக ஏதாவது குடிக்க வேண்டும். எனவே பருத்தியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மெல்லிய கம்பளி இரண்டு, மேலே நீர் புகாத மேலங்கி. கையுறை பைக்குள் இல்லை, பையன்களின் பம்பரம் மாதிரி எப்போதும் பாக்கெட்டில். ஏறும்போது வியர்ப்பதற்கு முன்பே ஒரு உடுப்பைக் கழற்றுங்கள், நிற்பதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

கீழே இறங்கி ஒரு அடுப்போரம் உட்கார்ந்தபோதுதான் அந்த நூற்பா ஞாபகம் வந்தது. முதுவேனிலில் வழி நடப்பவன் சாயங்காலம் வரை நிழல் தேடுவான். பின்பனியில் நடப்பவனுக்குக் காலையில் பூவும் வெயிலும் காட்டி நம்பவைத்து, மதியம் மலையில் கழுத்தறுக்கும். பாலைக்கு இதுவும் உரியதுதான் என்று அவர்கள் சேர்த்திருப்பதில் எனக்கு இப்போது வியப்பில்லை. உரையாசிரியர்கள் வேறு காரணம் சொல்வார்கள். இது என் கால் சொன்ன உரை.

மூன்று நாள் கழித்து ஓ செப்ரெய்ரோ, 1,300 மீட்டர். சாந்தியாகோ இருக்கும் மாநிலமான கலீசியாவின் வாசல். வழி நெடுகப் பாறையிலும் மரத்திலும் மஞ்சள் அம்பு இருக்கும், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் நடக்கிறோம். 1980-களில் அந்த அம்புகளை வரையத் தொடங்கியவர் இந்த ஊரின் பாதிரியார் எலியாஸ் வாலின்யா. மேகத்துக்குள் பத்தடிக்கு மேல் தெரியாதபோது அந்த மனிதரை நான் கும்பிட்டேன்.

பொள்ளாச்சியையும் வால்பாறையையும் நினைத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டிக் மேகம் கலீசியா மலையில் ஏறிக் கொட்டிவிடுகிறது. மலைக்குக் கிழக்கே மெசெத்தாவுக்கு மிச்சம்தான். சாந்தியாகோவில் ஆண்டுக்கு 1,800 மில்லிமீட்டர் வாக்கில் மழை. நமக்கும் 1,400 வருகிறதே என்பீர்கள். நம்முடையதில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்து, வேளச்சேரியை மிதக்கவிட்டுப் போய்விடும். அவர்களுடையது ஆண்டு முழுக்கப் பரவி விழுவது. பொடித்தூறலுக்கு ஒர்பாயோ என்று பெயர். மழை என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு மணி நேரத்தில் முழங்கால் வரை நனைந்திருப்பீர்கள். அந்த ஈரத்துக்குத்தான் ஓடையோரம் எல்லாம் அப்படி ஒரு பாசி.

ஏப்ரல் 13 மத்தியானம் கோயில் முன் சதுக்கத்தில் நின்றேன். ஒர்பாயோதான். மறுநாள் தமிழ்ப் புத்தாண்டு, இளவேனில் பிறக்கிறது. தங்கை போன் செய்து மாங்காய்ப் பச்சடி செய்ததாகச் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே அப்போதும் தூறிக்கொண்டுதான் இருந்தது.

கேள்விகள்? ...குடை எடுத்துப் போகலாமா என்று அம்மா கேட்கிறார்கள். மெசெத்தாக் காற்றில் அது இரண்டாம் நிமிடமே முருங்கைக்காய் ஆகிவிடும் அம்மா. இங்கிருந்து சுமந்து போகாதீர்கள். கலீசியாவுக்குள் வந்த பிறகு கடையில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அந்த ஊர்க்காரர்கள் எல்லோர் கையிலும் ஒன்று இருக்கும்.