பரணில் கிடப்பது பாதுகாப்பு ஆகாது

நடுவர் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்த எதிரணித் தலைவர் ஐயா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். வீட்டில் சேர்ந்துபோன பழைய பொருட்களைக் காப்பதா, கழிப்பதா என்பது இன்றைய கேள்வி. கழிப்பதே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி ஐயா எடுத்த எடுப்பிலேயே தமிழ்த்தாத்தா உ.வே.சா.வை அழைத்து வந்துவிட்டார். கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்கு ஏடு தேடிப் போனவரிடம், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்று சொன்னார்களே, நீங்கள் கேட்கும் கழித்தல் இதுதானா என்று கேட்டார். அந்தச் செய்தியை எப்போது கேட்டாலும் வயிறு எரிகிறது. ஆனால் ஐயா, கதையை ஹோமத்தில் தொடங்காதீர்கள். அதற்கு முன்னால் எத்தனை காலம் அந்த ஏடுகளை யாரும் பிரித்துப் பார்க்காமல் கிடக்க விட்டார்கள்? அங்கிருந்து தொடங்குங்கள்.

நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பனை ஓலை சில நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. அதனால்தான் முன்னோர்கள் ஓலை நொறுங்கும் முன்பே புது ஓலையில் படியெடுத்தார்கள். எடுத்து முடித்த பிறகு பழைய ஏட்டுக் கட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டார்கள். காலப்போக்கில் படியெடுக்க ஆள் இல்லாமல் போனது, ஆற்றில் விடும் வழக்கம் மட்டும் மிஞ்சியது. சரி, ஆற்றில் விடாமல் வீட்டிலேயே வைத்திருந்தவர்கள் காப்பாற்றினார்களா? மச்சிலும் பரணிலும் கட்டுக்கட்டாக வைத்தார்கள். கறையானும் இராமபாணப் பூச்சியும் அரித்துத் தீர்த்தன. புறநானூறு 1894-இல் அச்சேறி நம் கைக்கு வந்தது என்றால், தலைமுறை தலைமுறையாக யாரோ உட்கார்ந்து படியெடுத்ததால் வந்தது.

அந்தப் புறநானூற்றின் 189-ஆம் பாட்டைப் பாருங்கள். உலகையே ஒரு குடைக்கீழ் ஆளும் அரசனுக்கும், இரவும் பகலும் தூங்காமல் விலங்கின் பின்னால் ஓடும் வேடனுக்கும் 'உண்பது நாழி உடுப்பவை இரண்டே' என்கிறார் நக்கீரனார். சாப்பிட ஒரு நாழி அளவு தானியம், உடுத்த இரண்டு துணி, அவ்வளவுதான். அதோடு விடவில்லை. 'செல்வத்துப் பயனே ஈதல், துய்ப்பேம் எனினே தப்புந பலவே.' எல்லாம் எனக்கே என்று பிடித்து வைத்தால் தப்பிப் போவதுதான் அதிகமாம்.

தப்பிப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் உறவில் ஒரு பெரியம்மா. அவருடைய மாமியாரின் கூறைப்பட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது. கட்ட மாட்டார், யாருக்கும் கொடுக்கவும் மாட்டார். பேத்தி கல்யாணத்துக்கு எடுத்துப் பிரித்தால், மடிப்பு விழுந்த இடமெல்லாம் கத்தியால் கீறியது போல விட்டுப்போயிருந்தது. சரிகை கறுத்து முந்தானையோடு ஒட்டிக்கிடந்தது. பட்டை அவ்வப்போது உதறி, மடிப்பை மாற்றி மடித்து வைக்க வேண்டும் என்று நெசவு தெரிந்த யாரும் சொல்வார்கள். அதைச் செய்திருந்தால் அந்தப் பெண் அன்று மணவறையில் அதைக் கட்டியிருப்பாள். ஒரே பெட்டியில் முப்பது புடவையைத் திணித்துவிட்டு எதைத்தான் உதறுவது?

என் வாதம் இந்த இடத்தில்தான் நிற்கிறது, நடுவர் அவர்களே. ஒரு பொருளை வைத்திருப்பது ஒரு வேலை. துடைக்க வேண்டும், வெயிலில் காட்ட வேண்டும், பழுது பார்க்க வேண்டும். நம்மால் எவ்வளவுக்கு அந்த வேலை முடியுமோ அவ்வளவைத்தான் நாம் வைத்திருக்கிறோம். மிச்சமெல்லாம் சும்மா கிடக்கிறது.

கொலு பொம்மைகளைப் பாருங்கள். அதே பரண்தான், அதே தூசிதான். ஆனால் கொள்ளுப்பாட்டி காலத்து மரப்பாச்சி இன்னும் முழுசாக இருக்கிறது. வருஷா வருஷம் நவராத்திரிக்கு இறங்குகிறது, துடைக்கிறோம், பழைய வேட்டித் துணியில் சுற்றித் திரும்ப ஏற்றுகிறோம். எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று கேட்கும் தாய்மார்களுக்கு நான் சொல்லும் கணக்கும் அதுதான். வருஷத்தில் ஒரு தடவையாவது பரணைவிட்டு இறங்குகிறதா? இறங்கினால் வையுங்கள்.

பேர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரங்களைப் பற்றி ஐயா உருக்கமாகப் பேசினார். சீர் வந்த குடம், மொய்யாக வந்த தூக்கு, தேதியோடு பேர். உண்மை, அதில் பாசம் இருக்கிறது. அந்தத் தூக்கை அடுக்களையில் வைத்துத் தினமும் பால் வாங்குங்கள், பாசம் கையில் இருக்கும். மூட்டைக்குள் இருக்கும் மற்ற பதினைந்து தூக்குகள், புதிதாகக் குடித்தனம் வைக்கும் ஒரு வீட்டுக்குப் போகட்டும்.

மொட்டை மாடிக்கும் வாருங்கள். 'எதற்காவது ஆகும்' என்று ஏற்றி வைத்த பழைய டயர், விரிசல் விட்ட பக்கெட், ஓடாத கூலர். அதில் தேங்கும் சுத்தமான மழைத்தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அடுத்த மழை விழுந்ததும் பொரிந்து, பத்து நாளுக்குள் கொசுவாகப் பறந்துவிடும். சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து கவிழ்க்கச் சொல்வது இதற்காகத்தான். வீட்டில் குழந்தை இருக்கும்போது இதில் வாதம் என்ன வேண்டிக்கிடக்கிறது?

கழிப்பது என்றதும் போகிக்கு டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவதைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் புகையை எங்கள் அணி ஏற்கவில்லை. பேப்பரையும் இரும்பையும் எடைக்குப் போடலாம், பித்தளையைக் கொடுத்து மாற்றலாம், உடுத்தும் நிலையில் இருக்கும் துணியைத் துவைத்துக் கொடுக்கலாம்.

'செத்துப்போன அப்பாவின் பொருளைக் கழிக்க மனசு வருமா?' என்று எதிரணிச் சகோதரி கேட்டார். வராது அம்மா. அவர் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். அவர் எழுதிய கடிதங்களைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். ஆனால் கடைசி நாட்களில் அவர் பிடித்து நடந்த வாக்கர்? அந்த வீல் சேர், வாட்டர் பெட்? எத்தனை வீடுகளில் அவை பரணில் துருப்பிடிக்கின்றன! அதே தெருவில் ஒருவர் இடுப்பு எலும்பு முறிந்து, வாடகைக்கு வாக்கர் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

இங்கிருந்து வீட்டுக்குப் போனதும் முதலில் அதை இறக்குங்கள். நடுவர் அவர்களே, கழிப்பதே என்று தீர்ப்புத் தாருங்கள். நன்றி, வணக்கம்.