கரைக்கு வராத மண்ணெண்ணெய்

அவைத்தலைவர் அவர்களே, அன்பர்களே,

விநியோகச் சங்கிலி அறுந்தது என்றால் துறைமுகமும் தேங்கி நிற்கும் கொள்கலன்களும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தச் சங்கிலியின் மறுமுனையில் கையில் கானோடு நிற்பவரைப் பற்றி, 2022இல் இலங்கை கண்ட நெருக்கடியையும் மண்ணெண்ணெய் என்ற ஒரே பொருளையும் வைத்துக்கொண்டு இன்று பேச விரும்புகிறேன்.

கொழும்பின் பெற்றோல் வரிசைகளை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. மண்ணெண்ணெய் வரிசையில் வாகனங்கள் இல்லை. பிளாஸ்டிக் கான்களும் அவற்றுக்குப் பக்கத்தில் மனிதர்களுமே இருந்தார்கள். நாட்டின் ஒரே எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமான சபுகஸ்கந்த, மசகு எண்ணெய் (கச்சா எண்ணெய்) வாங்க டொலர் இல்லாமல் 2021 நவம்பரில் மூடப்பட்டது. அடுத்த ஆண்டிலும் அது இடையிடையே நின்றது. பெற்றோலும் டீசலும் பெரும்பாலும் சுத்திகரித்த நிலையிலேயே கப்பலில் வந்து சேர, மண்ணெண்ணெய்க்குப் பெரிதும் அந்த நிலையத்தையே நம்பியிருந்ததால், அது நின்றபோதெல்லாம் வடக்கு, கிழக்குக் கரைகளில் மண்ணெண்ணெயில் ஓடும் சிறு படகுகளும் நின்றன. எரிபொருளைப் பங்கிட 2022 ஜூலையில் வந்த கியூஆர் முறையோ வாகன இலக்கத்தை அடிப்படையாகக் கொண்டது. படகின் பின்புறத்தில் வெளியே பொருத்தும் வெளியிணைப்பு இயந்திரத்துக்கு ஏது வாகன இலக்கம்?

எண்ணெய் கிடைத்தவர் பாடும் எளிதாக இருக்கவில்லை. பிடித்த மீனுக்கு ஐஸ் வேண்டும், ஐஸுக்கு மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டோ நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. மீனைத் தெற்கே கொண்டுபோகும் லொறிக்கு டீசல் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், அன்று கரையில் கிடைத்த விலைக்கே மீனைக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். போர்க்காலத்தில் வடக்கின்மீது விதிக்கப்பட்ட 1990களின் பொருளாதாரத் தடையில், மண்ணெண்ணெயைச் சிக்கனமாக எரிக்கும் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் படித்தவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அவர்களுக்கு இது புதிய கதை அல்ல.

மலையகத்தில் முடிச்சு வேறு இடத்தில் விழுந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சில மாதங்களில் அந்தத் தடை விலக்கப்பட்டாலும், உரம் காணாத தேயிலைச் செடி உடனே தளிர்த்துவிடுவதில்லை. கொழுந்து குறைந்தால், ஒரு நாளில் பறிக்க வேண்டிய கிலோக் கணக்கு எட்டாது. கணக்கு எட்டாத நாளில், அப்போது 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்த நாட்சம்பளம் முழுதாகக் கைக்கு வராது. இலங்கையில் விளையாத கோதுமையின் மாவும் அதே காலத்தில் விலையேறியது. ரொட்டியே பிரதான உணவாக உள்ள, தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளில், சம்பளமும் சாப்பாடும் ஒரே நேரத்தில் சுருங்கின. தமிழ்நாட்டிலிருந்து 40,000 தொன் அரிசி அனுப்பத் தீர்மானிக்கப்பட்டு, 2022 மே 18 அன்று முதற் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது அந்த நெருக்கடியின் நடுவில்தான்.

ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தாவலில் உயர்த்தப்பட்டது. மலிவாக இருந்த மண்ணெண்ணெயை டீசலில் கலந்து விற்றவர்கள் இருந்தார்கள், அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு நட்டமும் இருந்தது. ஆகவே காரணமே இல்லாத முடிவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மண்ணெண்ணெயை நம்பியிருந்த மீனவருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் உரிய நிவாரணம், விலை ஏறிய அன்றே கையில் இருந்திருக்க வேண்டும். விலை கட்டுப்படியாகாதவர் வரிசைக்கே வரமாட்டார். வரிசை குறைந்ததைப் பார்த்துத் தட்டுப்பாடு நீங்கிவிட்டதென்று எழுதிக்கொள்ளும் அலுவலகக் கணக்கில் அவருக்கு இடமில்லை.

ஆகவே மாவட்டச் செயலகங்களிடம் நாம் கேட்க வேண்டியது சிறிய கணக்குத்தான்: இந்தக் கரையில் எத்தனை வெளியிணைப்பு இயந்திரங்கள் உள்ளன, அவற்றுக்கு நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் தேவை, கப்பல் வராவிட்டால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கையிருப்பு எத்தனை நாளுக்குத் தாங்கும்?