பொவே: பாதியில் நிற்கும் பேராலயம்

நண்பர்களே, வணக்கம். இடைக்கால ஐரோப்பாவின் கோதிக் பாணித் தேவாலயம் என்றதும் பலருக்கும் பாரிஸ் நோத்ர் தாம்தான் நினைவுக்கு வரும். நான் இன்று உங்களைப் பாரிஸுக்கு வடக்கே இருக்கும் பொவே நகரத்துக்கு அழைத்துப் போகிறேன். அங்குள்ள புனித பேதுரு பேராலயம் இரண்டு முறை இடிந்தது, இன்றும் பாதிதான் நிற்கிறது. கோதிக் கட்டடம் எப்படி நிற்கிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது என்பேன்.

இரண்டு சீட்டுகளை ஒன்றோடொன்று சாய்த்து மேஜைமேல் நிறுத்துங்கள். உச்சியில் லேசாக அழுத்தினால் அடி இரண்டு பக்கமும் விலகி ஓடும். கல் வளைவும் அப்படித்தான், பாரம் பக்கவாட்டிலும் தள்ளும். முந்தைய காலத்தில் அதைத் தாங்கச் சுவரைத் தடியாக எழுப்பினார்கள், உள்ளே இருட்டு. கோதிக் கொத்தனார்கள் வளைவைக் கூராக்கித் தள்ளலைக் குறைத்தார்கள். விலா எலும்பு போன்ற கல்வரிகள் கூரையின் பாரத்தைத் தூண்களுக்குக் கொண்டுவந்தன. மிஞ்சிய தள்ளலை, சுவருக்கு வெளியே பாலம்போல் தாவும் அரைவளைவுகள் வாங்கி, தள்ளி நிற்கும் கனத்த முட்டுத்தூண்களிடம் சேர்த்தன. சுவருக்குச் சுமை குறைந்தது. அந்த இடத்தில் வண்ணக் கண்ணாடி வந்தது.

பொவேயில் பழைய ஆலயம் தீயில் சேதமானதும், 1225இல் புதிய வேலை தொடங்கியது. பலிபீடம் உள்ள கிழக்குப் பகுதி 1272இல் முடிந்தது. கல்கூரையின் உயரம் சுமார் 48 மீட்டர்! பிரான்சின் இன்னொரு பெரிய கோதிக் ஆலயமான அமியேன் பேராலயத்திலேயே 42தான். பன்னிரண்டே ஆண்டுகள், 1284இல் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஏன் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அன்றைய கொத்தனார்கள் இரண்டு தூண்களுக்கு நடுவே இன்னொரு தூணை நட்டார்கள். உயரத்தை மட்டும் குறைக்கவில்லை! அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும். இன்று உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால், வளைவுகள் நெருக்கியடித்துக்கொண்டு ஊசிபோல் மேலேறும்.

அப்புறம் இங்கிலாந்தோடு நூறாண்டுப் போர், பணமுடை. 1500இல்தான் தலைமைக் கொத்தனார் மார்தென் ஷாம்பிஜ், சிலுவையின் கைகள்போல் நீளும் குறுக்குப் பகுதியைத் தொடங்கினார். அது முடிந்ததும் மக்கள் கூடும் நடுக்கூடத்தை அல்லவா கட்டியிருக்க வேண்டும்? அதற்குப் பதிலாகக் குறுக்குப் பகுதியின் நடுவே கோபுரத்தைக் கட்டினார்கள். 1569இல் 153 மீட்டர் உயரத்தைத் தொட்டது. கிழக்கிலும் வடக்கிலும் தெற்கிலும் கட்டடம் அணைத்து நிற்கிறது. நடுக்கூடம் இல்லாததால் மேற்கே தள்ளலை வாங்க ஒன்றுமில்லை. தூண்கள் சாயத் தொடங்கின. முட்டுக்கொடுக்கும் வேலை தாமதப்பட்டது. 1573 ஏப்ரல் 30, ஆண்டவர் விண்ணேற்றத் திருநாள். பவனி ஆலயத்தை விட்டு வெளியே போயிருந்த நேரத்தில் கோபுரம் சரிந்தது. நல்லவேளை, யாரும் சாகவில்லை.

நடுக்கூடம் கடைசிவரை எழவில்லை. அது வந்திருக்க வேண்டிய இடத்தில், பத்தாம் நூற்றாண்டு ஆலயத்தின் மிச்சம் சின்னச் சின்னக் கற்களோடு தாழ்வாக நிற்கிறது.

1960களில் வெளிமுட்டுகளை இணைத்திருந்த இரும்புக் கம்பிகள் அழகைக் கெடுக்கின்றன என்று கழற்றிவிட்டார்கள். காற்றில் கட்டடத்தின் ஆட்டம் அதிகமானது. திரும்ப எஃகுக் கம்பிகளை மாட்டினார்கள். 1990களில் குறுக்குப் பகுதிக்குள்ளேயே, தரையிலிருந்து சாய்ந்து ஏறும் பெரிய மரச்சட்டங்களை முட்டாக வைத்தார்கள்.