நுனி ஒடிச்ச வெண்டைக்காய்

எல்லாருக்கும் வணக்கம், பின்னாடி மைக் கேக்குதா? சரி. நான் ஆறு வருஷம் ஒரு சூப்பர் மார்க்கெட்ல காய்கறி செக்‌ஷன் பாத்தவன், கடை பேரு வேணாம். கடைல காய்கறி எப்படி வீணாப் போகுதுன்னு சொல்லத்தான் வந்தேன். உங்கள்ல பாதி பேர நான் வெண்டைக்காய் ட்ரே பக்கத்துல மொறச்சிருப்பேன். நுனிய ஒடிப்பீங்க, டக்குனு ஒடிஞ்சா பிஞ்சு, வளைஞ்சா முத்தல், அத அங்கயே போட்டுட்டுப் போயிடுவீங்க. சில பேரு பிஞ்சையும் ஒடிச்சுட்டு எடுக்காமப் போவாங்க, அது ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. காலைல வந்து பாத்தா ஒடிச்ச எடமெல்லாம் கறுத்திருக்கும், எடை போட்டு டம்ப்னு எழுதி வெளிய தள்ளுவோம்.

ஆனா பெரிய தப்பு எங்க பக்கம்தான். ரேக் காலியா தெரியவே கூடாதுன்னு மேல இருக்கறவங்களுக்கு ஒரு பிடிவாதம், ராத்திரி எட்டு மணிக்கு மேல கூட்டமே இருக்காது அப்பவும் தக்காளிய மலை மாதிரி குவிக்கணும், அடியில உள்ளது நசுங்கி தண்ணி விட்டு பூஞ்சை ஏறி மேல உள்ளதையும் கெடுத்துடும். நான் காலி ட்ரேய கவுத்துப் போட்டு அதுக்கு மேல ரெண்டே அடுக்கு தக்காளி வச்சேன். பாக்க நெறைஞ்ச மாதிரியே இருக்கும். டம்ப் கொறஞ்சது கண்ணுக்கே தெரிஞ்சுது.

அப்புறம் எத்திலீன். வாழைப்பழம், மாம்பழம், தக்காளி, ஆப்பிள் எல்லாம் பழுக்கறப்போ விடுற வாயு. பாட்டி மாங்காய வைக்கோல்ல பொதைச்சு வைப்பாங்களே, அதே சங்கதிதான், ஆனா அதே ரூம்ல கீரை, வெள்ளரிக்கா இருந்தா சீக்கிரம் மஞ்சளாயிடும். வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழ போனா தோல் கறுக்கும், எங்களுக்கோ கோல்ட் ரூம் ஒண்ணுதான், எல்லாத்தையும் அதுலயே தள்ளுவோம்.

ஃபிரான்ஸ்ல 2016ல சட்டம் போட்டாங்க, 400 சதுர மீட்டருக்கு மேல உள்ள கடைங்க சாப்பிடக்கூடிய மிச்சத்த அழிக்கக் கூடாது, தொண்டு அமைப்போட ஒப்பந்தம் போட்டுக் குடுக்கணும். நல்ல சட்டம்தான், ஆனா அதுக்குள்ள கீரை வாடிருச்சுன்னா யாருக்குக் குடுத்து என்ன பிரயோஜனம்? எனக்குப் பிடிச்சது பிரிட்டன்ல வெயிட்ரோஸ்ங்கற சூப்பர் மார்க்கெட் 2022ல பண்ணது, கிட்டத்தட்ட 500 பொருள்ல, இதுக்குள்ள சாப்பிட்டா நல்லதுன்னு போடுற பெஸ்ட் பிஃபோர் தேதியவே எடுத்துட்டாங்க. உருளைக்கிழங்குக்கு எதுக்குங்க தேதி, அழுகினா மூக்குக்குத் தெரியாதா?

எங்க கடைல கெடப்போற பழத்துக்குப் பாதி வெல ஸ்டிக்கர் ஒட்டலாம்னு மேல இருக்கறவங்கள கேட்டேன், முழு வெலைப் பழம் அப்புறம் போகாதுன்னு விடல. ஒரு நாள் கேக்காமலே ஆறு மணிக்கு ஒட்டிட்டேன், ஏழரைக்குள்ள பப்பாளி மொத்தமும் காலி, மறுநாள் எனக்கு மெமோ.

கேள்வி இருந்தா கேளுங்க, வெண்டைக்காய் ஒடிக்கறவங்க மொதல்ல.