செருப்புக்கு அகலமும் உண்டு

நேயர்களுக்கு வணக்கம். பாத வலியோடு வருபவர்களைப் பார்ப்பது என் வேலை. வருபவரின் காலைப் பார்க்கும் முன், வாசலில் கழற்றிவிட்ட செருப்பைக் கையில் எடுத்துப் பார்ப்பேன். பாதிக் காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டிலும் சேர்த்து 52. உடம்பில் மொத்தமே 206தான். இத்தனை துண்டுகளையும் நார்கள் பிணைத்திருப்பதால் பாதம் ஒரே வடிவில் இருப்பதில்லை. எடை இறங்கியதும் உள்ளங்கால் வளைவு தாழும், பாதம் கொஞ்சம் நீளும், முன்பக்கம் விரியும். இப்போது வெறுங்காலோடு எழுந்து நின்று பாருங்கள், தெரியும். நாமோ கடையில் உட்கார்ந்தபடியே போட்டுப் பார்த்து வாங்கிவிடுகிறோம்.

“எந்த நம்பர்?” “எட்டு.” அத்தோடு பேச்சு முடிந்தது. அந்த எட்டு நீளத்தை மட்டும்தான் சொல்கிறது. அகலத்தை யாரும் கேட்பதே இல்லை.

ஒரு பேருந்து நடத்துநர் வந்தார். நாள் முழுக்க நிற்கிற வேலை. இரண்டு சுண்டுவிரலிலும் ஆணி, குதிகாலில் உரசிய புண். “எட்டு பிடிச்சுதுங்க, அதான் ஒன்பது வாங்கினேன்” என்றார். செய்தித்தாளை விரித்து, அதன்மேல் நிற்கச் சொல்லி, பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். கோட்டின் மேல் அவருடைய ஷூவை வைத்தேன். முன்னால் இடம் தாராளம். பக்கவாட்டில் கோடு வெளியே தெரிந்தது. அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அகலம் போதாததற்கு நீளத்தைக் கூட்டியிருக்கிறார். நீளம் கூடியதால் குதிகால் நழுவுகிறது. நழுவாமலிருக்க விரல்கள் மடங்கிப் பிடிக்கின்றன. மடங்கிய விரல் மேலே உரசுகிறது. முன்பகுதி அகலமான எட்டாம் நம்பர் ஒன்றைத் தேடி வாங்கிக்கொண்டு வந்தார். நடையே மாறியிருந்தது.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதங்கள் பொதுவாக அகலமானவை என்று தெரியவந்தது. நம் கடைகளில் புழங்குவதோ பெரும்பாலும் பிரிட்டன் அளவு. ‘பா’ என்ற பெயரில் இந்தியர்களுக்கான அளவுமுறை முன்மொழியப்பட்டிருக்கிறது. அது கடைக்கு வரும்வரை செய்தித்தாளும் பென்சிலும் போதும். வரைந்த தாளை வெட்டிக் கடைக்கே எடுத்துப் போங்கள்.

“போடப் போட சரியாயிடும் சார்” என்பார்கள். நம்பாதீர்கள். தோல் கொஞ்சம் இளகும், ரெக்சின் இளகாது. மாலையில் வாங்குங்கள், பாதம் சற்று வீங்கியிருக்கும். இரண்டு பாதங்களில் பெரியதற்கு வாங்குங்கள். நின்றுகொண்டு, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். அகலத்தையும் பாருங்கள், மறுபடி சொல்கிறேன்.

அப்புறம் குழந்தைகள். ஜூன் மாதம் “வளர்ற கால்” என்று இரண்டு நம்பர் கூட்டி வாங்குகிறோம். அதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் நெருங்குகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் செருப்பு கடிப்பது தெரியாது, வலி வராமலே புண் வரும். செருப்பைப் போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ தெரிந்தால் வலிக்கட்டும் என்று காத்திருக்காமல், மறுநாளே மருத்துவரிடம் போய்விடுங்கள். நன்றி, வணக்கம்.