மூக்கின் மேல் பொருக்கு

நேயர்களுக்கு வணக்கம். சேலம் டவுனானாலும் ஏற்காட்டுக் காப்பித் தோட்டமானாலும், நாய்க்குத் தோலில் எது வந்தாலும் நாம் சொல்கிற பெயர் ஒன்றுதான்: சொறி. உடனே வேப்பெண்ணெய், மஞ்சள். சிலர் வண்டியின் கழிவு ஆயிலைக்கூடப் பூசுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம். நாய் நக்கும், விஷம் வயிற்றுக்குள் போகும்.

இன்று நான் சொல்ல வந்தது பூச்சியால் வராத, ஒட்டிக்கொள்ளாத ஒரு நோய். பெம்பிகஸ் ஃபோலியேசியஸ் என்று பெயர். தோலின் மேலடுக்குச் செல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. ரவிக்கையில் தைக்கிற டிச் பட்டனை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பாதி இந்தச் செல்லில், மறு பாதி அடுத்த செல்லில். இந்தப் பிடிக்கு டெஸ்மோசோம் என்று பெயர். டெஸ்மோகிளின், டெஸ்மோகொலின் என்ற புரதங்கள்தான் அதில் கோத்துக்கொள்பவை. கிருமியோடு மோத வேண்டிய ஆன்டிபாடிகள் இந்தப் புரதத்தையே தாக்கினால் பிடி கழன்றுவிடும். மனிதருக்கு வரும் இதே நோயில் தாக்கப்படுவது டெஸ்மோகிளின்-1. நாய்க்கும் அதுதான் முக்கியம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2012இல் வந்த ஆய்வு, பெரும்பாலான நாய்களில் குறி டெஸ்மோகொலின்-1 என்று காட்டியது.

வீட்டில் என்ன தெரியும்? மூக்குத்தண்டு, கண்ணைச் சுற்றி, காது மடல், பாதத்தின் அடிப்பகுதி. பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. முதலில் சீழ்க்கொப்புளம், நாயின் மேல்தோல் மிக மெல்லியது என்பதால் சீக்கிரமே உடைந்துவிடும். நமக்கு மிஞ்சுவது மஞ்சள் பொருக்கு மட்டுமே.

அந்தப் பொருக்கு தான் சாட்சி. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்: மருத்துவரிடம் கூட்டிப்போகும் முன் குளிப்பாட்டாதீர்கள், பொருக்கைத் தேய்த்து எடுக்காதீர்கள், எண்ணெய் வைக்காதீர்கள். மருத்துவர் பொருக்கின் ஓரத்தை மெல்லத் தூக்கி, அடியிலுள்ள ஈரத்தில் கண்ணாடித் தகட்டை ஒற்றி, உலர்த்தி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார். சீழ்ச்செல்களுக்கு நடுவே, பிடி கழன்று உருண்டையாகிப்போன தோல் செல்கள் உட்கருவோடு கிடந்தால் சந்தேகம் வலுக்கும். சாதாரண பாக்டீரியாச் சீழ்க்கொப்புளத்தில் சீழ்ச்செல்லுக்குள் உருண்டைக் கிருமிகள் தெரியும்.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. நாய்த்தோலில் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியின் சில வகைகள் சுரக்கும் நச்சு டெஸ்மோகிளின்-1ஐயே வெட்டும். ட்ரைக்கோஃபைட்டான் பூஞ்சையும் செல்களை இப்படிக் கழற்றிவிடும். அதனால் உருண்டைச் செல் தெரிந்ததுமே முடிவுகட்டக் கூடாது. பூஞ்சைப் பரிசோதனை செய்யாமல், உடலின் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தால், பூஞ்சை இருக்கும் நாய்க்கு அது பெருகும். உறுதிப்படுத்த 6 அல்லது 8 மில்லிமீட்டர் துண்டு தோல் எடுத்து கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் திரவத்தில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எடுக்கும் இடத்தைக் கழுவவோ தேய்க்கவோ கூடாது. பொருக்கு தனியே விழுந்தால் அதையும் அதே புட்டியில் போட வேண்டும். விடை பல சமயம் அந்தப் பொருக்கில்தான் இருக்கிறது. பரிசோதனைக்கு முன்பே ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் இந்தத் தடயங்கள் மங்கிவிடும். ஏற்கெனவே போட்ட ஊசி, மாத்திரைச் சீட்டைத் தவறாமல் கையோடு கொண்டுபோங்கள்.

நேரம் நெருங்குகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சிகிச்சையைப் பற்றி வேகமாக. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை பொதுவாக நாளொன்றுக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம். 20 கிலோ நாய்க்கு 40. அளவை மருத்துவர் மட்டுமே முடிவு செய்வார். தண்ணீர் அதிகம் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், பசி கூடும், தண்ணீரைக் குறைக்காதீர்கள். கூடவே வலி மாத்திரை கொடுத்தால் இரைப்பை புண்ணாகும். பொருக்கு உதிர்ந்ததும் மாத்திரையைச் சட்டென நிறுத்தக் கூடாது. புதுக் கொப்புளம் வராமலிருக்கும்போது, சில வாரங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாளுக்குக் கொண்டுவருவார்கள். உடலின் எதிர்ப்பை அடக்கும் இன்னொரு மருந்தான அசாதியோபிரின் சேர்த்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வணக்கம்.